நிலத்து மேல கேஸ் இருக்குன்னு நோட்டீஸ்ல ஏன் இல்ல: ஒரு நூல் மில்லு ஏஜிஎம்ல (வருஷாந்திரப் பொதுக்கூட்டத்துல) நடந்தது

பின்னணி

இது மதுரைக்குத் தெக்க இருக்குற ஒரு பழைய நூல் மில்லுல 2023ல நடந்தது. கம்பெனி பேரையோ ஆளுங்க பேரையோ போடல, ஏன்னா கேஸ் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, மில்லும் ஓடிக்கிட்டு இருக்கு, அந்த மூணு ஷிப்ட்ட நம்பி குடும்பங்க இருக்கு. நான் மதுரையில ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ் வேலை பாக்குற சின்ன ஆபீஸ் வச்சிருக்கேன். கேள்வி கேட்டது நான் இல்ல, எங்க தெருவுல இருக்குற ஒரு ரிட்டயர்டு டீச்சர். நான் பேப்பர் தேடிக் குடுத்தேன், லெட்டர் டைப் பண்ணிக் குடுத்தேன், கூட்டத்தன்னைக்கு அவங்க பக்கத்து சேர்ல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.

மில்லு 1960கள்ல ஆரம்பிச்சது. நிறுவனர் அப்ப மாசி வீதிக் கடைக்காரங்க, வாத்தியாருங்க, வக்கீலுங்கன்னு வீடு வீடா போய் உக்காந்து காபி குடிச்சு ஷேர் வித்திருக்காரு. டீச்சரோட அப்பா அப்படித்தான் வாங்கியிருக்காரு. இது பங்குச்சந்தையில பட்டியல் ஆகாத பப்ளிக் லிமிடெட் கம்பெனி. மொத்தம் 20 லட்சம் ஷேர், ஒண்ணு 10 ரூபா, 184 உறுப்பினர், அதாவது ஷேர் வச்சிருக்குறவங்க. நிறுவனர் குடும்பத்துக்கிட்ட 61 சதவீதம், மிச்சம் இந்த மாதிரி ஊர்க்காரங்க குடும்பங்கள்ட்ட சிதறிக் கிடக்கு. டீச்சர்ட்ட 2,200 ஷேர். டிவிடெண்ட் வந்து பல வருஷம் ஆச்சு, ஆனா ஆண்டறிக்கை புக்கு வந்தா முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பென்சில வச்சுக்கிட்டு படிக்கிறவங்க அவங்க, பரீட்சை பேப்பர் திருத்துன பழக்கம்னு நினைக்கிறேன்.

அந்த வருஷ ஏஜிஎம் நோட்டீஸ் ஆகஸ்ட் கடைசியில தபால்ல வந்துச்சு, கூட்டம் செப்டம்பர் கடைசி வாரம். வழக்கமான அயிட்டங்களோட அஞ்சாவதா ஒரு சிறப்புத் தீர்மானம் இருந்துச்சு. மில்லுக்குப் பின்னால சும்மா கிடக்குற 9 ஏக்கர் 40 சென்ட்ட விக்கிறதுக்கு போர்டுக்கு அதிகாரம் குடுக்கணும்னு. அடியில விளக்கக் குறிப்புன்னு அஞ்சே வரி. நிலம் உபயோகத்துல இல்ல, வித்தா பேங்க் கடன் குறையும், டைரக்டர்கள் யாருக்கும் இதுல தனிப்பட்ட ஆதாயம் இல்ல. அத்தோட முடிஞ்சுச்சு.

கண்ணுல பட்டது

இதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜூலையில, தமிழ் பேப்பர் உள்பக்கத்துல ஒரு கோர்ட் அறிவிப்ப டீச்சர் பாத்திருக்காங்க. நமக்கெல்லாம் கண்ணு போகாத எடம் அது, பழைய கார் ஏலத்துக்கும் பேர் மாத்த விளம்பரத்துக்கும் நடுவுல தீப்பெட்டி சைஸ்ல ஒரு கட்டம். ஒரு பாகப்பிரிவினை வழக்கு, 2021ஆம் வருஷத்து அசல் வழக்கு எண், அஞ்சாவது பிரதிவாதி வீட்டு விலாசத்துல இல்லாததால சம்மன் சார்வு ஆகல, அதாவது அவரு கையில போய்ச் சேரல, அதனால இன்ன தேதிக்கு நேர்லயோ வக்கீல் மூலமாவோ ஆஜராகணும், தவறுனா எக்ஸ்பார்ட்டியா, அதாவது அவரு இல்லாமலே முடிவாகும்னு. அந்த அஞ்சாவது பிரதிவாதி யாருன்னு டீச்சருக்குத் தெரியாது. ஆனா பிரதிவாதிகள் வரிசையில ரெண்டாவதா இருந்தது நம்ம மில்லோட பேரு. அவங்க அதை அப்பயே வெட்டி, ஷேர் சர்டிபிகேட் இருக்குற பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு வச்சுட்டாங்க. அப்ப சந்தேகம்னு ஒண்ணும் இல்ல, கூட்டத்துல என்னன்னு கேக்கணும்னு மட்டும் நினைச்சிருக்காங்க.

நோட்டீஸ் வந்தப்புறம்தான் ரெண்டும் ஒட்டுச்சு. பாகப்பிரிவினைன்னா சொத்து மேல வர்ற தாவா, இங்க பாத்தா சொத்த விக்கப் போறாங்க. அறிக்கையப் புரட்டிப் பாத்தா ஆடிட்டர் அறிக்கையில ஒரு வரி இருக்கு, கம்பெனியோட நிதி நிலைமைய பாதிக்கிற மாதிரி நிலுவை வழக்கு எதுவும் இல்லன்னு. டீச்சர் அந்த வரிய பென்சில்ல கோடு போட்டு பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு எடுத்துக்கிட்டு என் ஆபீசுக்கு வந்தாங்க.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். ஆடிட்டர் அந்த வரிய சும்மா எழுதுறதில்ல. 2014ல வந்த தணிக்கை விதிகள்ல 11ஆவது விதி, நிலுவை வழக்குகளால நிதி நிலைமைக்கு வர்ற பாதிப்ப கம்பெனி கணக்குல காட்டியிருக்கான்னு ஆடிட்டர் கட்டாயம் கருத்துச் சொல்லணும்னு சொல்லுது. நிறைய பேரு அத அச்சடிச்ச வாசகம்னு தாண்டிப் போயிடுறோம். எங்க ஆபீஸ்லயும் நான் தாண்டித்தான் போயிருக்கேன்.

தேடுனது

முதல்ல டீச்சர் மில்லு ஆபீசுக்கு போன் போட்டாங்க, நான் வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடியே. அங்க இருந்த மேனேஜர் "அதெல்லாம் பழைய தாவா டீச்சர், நம்ம வக்கீல் பாத்துக்கிட்டு இருக்காரு"ன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு சாயங்காலமே எம்டி (நிர்வாக இயக்குநர்) கூப்பிட்டாரு. "டீச்சர், எதுன்னாலும் எங்கிட்ட நேர்ல கேக்கலாமே, நம்ம குடும்பம் மாதிரிதானே"ன்னு மரியாதையாத்தான் பேசுனாரு, ஆனா கேஸ் எந்த நிலத்து மேலன்னு மட்டும் சொல்லல. இந்த ரெண்டு போனும் எழுத்துல எங்கயும் இல்ல, பின்னாடி அத வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது, ஆனா கம்பெனிக்கு கேஸ் தெரியும்னு எங்களுக்கு உறுதியாச்சு.

அப்புறம் நான் கோர்ட் வழக்கு விவரம் பாக்குற இ-கோர்ட்ஸ் தளத்துல தேடுனேன். மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து கட்சிக்காரர் பேரும் வருஷமும் குடுத்தா வந்துரும்னு சொல்லுவாங்க, வரல. கம்பெனி பேர எப்படி எழுதுனாலும் வரல, கடைசியில கோர்ட்டுல பேரையே ஒரு எழுத்து மாத்தி ஏத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சு, பேரோட முதல் பாதிய மட்டும் போட்டுத் தேடுனப்புறம்தான் கிடைச்சுச்சு. வழக்கு எண் பேப்பர்ல வந்ததேதான். அதுல வாய்தா வரலாறு இருக்கு பாருங்க, அதுதான் முக்கியம். ரெண்டாவது பிரதிவாதிக்கு வக்கீல் ஆஜரானது, பதிலுரை தாக்கல் ஆனது எல்லாம் 2022லயே. கம்பெனி போர்டு கணக்குல கையெழுத்துப் போட்டது 2023 ஆகஸ்ட்ல. ஆக, தெரியாம விட்டுப் போச்சுன்னு சொல்ல வழியில்ல.

வில்லங்கச் சான்றும் (ஈசி) ஆன்லைன்ல போட்டுப் பாத்தோம், சுத்தமா இருந்துச்சு. இத நம்பி நிலம் வாங்குறவங்க நிறைய பேரு இருக்காங்க, அதனால அழுத்திச் சொல்றேன், ஈசி சுத்தமா இருக்குறதுக்கும் கேஸ் இல்லங்குறதுக்கும் சம்பந்தம் கிடையாது. பதிவான பத்திரம்தான் ஈசியில வரும், கோர்ட்டுல ஒருத்தர் தாவா போட்டிருக்குறது தானா அதுல வந்து ஏறாது. ஆனா சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, கேஸ் நடக்கும்போது வாங்குனவர அந்தக் கேஸோட தீர்ப்பு கட்டுப்படுத்தும், அவருக்குத் தெரிஞ்சிருந்தாலும் சரி தெரியாட்டாலும் சரி.

மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தோட எம்சிஏ தளத்துல 100 ரூபா கட்டி அதுக்கு முந்தின வருஷத்து ஆண்டறிக்கையையும் பாத்தோம். அதுலயும் அதே வரி, நிலுவை வழக்கு இல்லன்னு.

ஒண்ணு மட்டும் எங்களால உறுதிப்படுத்த முடியல. கேஸ்ல இருக்குற நிலமும் விக்கப் போற நிலமும் ஒண்ணுதானா? பிராது நகல் பாத்தாத்தான் சர்வே நம்பர் தெரியும், கேஸுக்கு சம்பந்தமில்லாத மூணாவது ஆளு நகல் வாங்கணும்னா மனு, அபிடவிட் போட்டு கோர்ட் உத்தரவு வாங்கணும், அதுக்கு நாள் இல்ல. அதனாலதான் குற்றச்சாட்டா வைக்காம கேள்வியா வைக்கிறதுன்னு முடிவு பண்ணோம்.

எடுத்த முடிவுகளும் ஏன் எடுத்தோம்ங்குறதும்

ஒரு ஞாயித்துக்கிழமை டீச்சர் வீட்டுத் திண்ணையில ஏழெட்டு ஷேர்ஹோல்டர் குடும்பத்துக்காரங்க கூடுனாங்க. ஒருத்தரு பேப்பர் கட்டிங்க போட்டோ எடுத்து வாட்ஸப்ல விடுவோம்னாரு, இன்னொருத்தரு தெரிஞ்ச ரிப்போர்ட்டர் இருக்காருன்னாரு. டீச்சர் ரெண்டுக்கும் ஒத்துக்கல. "மில்லு பேரு கெட்டா நம்ம ஷேருக்கும்தான்யா கேடு, அங்க வேலை பாக்குற பிள்ளைகளுக்கும் கேடு. உள்ள கேப்போம், சொல்லலைன்னா அப்புறம் பாப்போம்"னாங்க. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு, பஞ்சு வியாபாரி காதுக்கு ஒரு வதந்தி போனா அடுத்த நாளே கடனுக்கு பேல் அனுப்ப யோசிப்பான்.

சிலரு பங்குச்சந்தைய கண்காணிக்கிற செபியோட விதிப்படி 24 மணி நேரத்துல சொல்லியிருக்கணும்ல, செபிக்கு எழுதலாமேன்னு கேட்டாங்க. அந்த விதி பட்டியலான கம்பெனிக்குத்தான், இதுக்குப் பொருந்தாது. நமக்கு கையில இருந்தது 2013 கம்பெனிச் சட்டம். அதுல 102ஆம் பிரிவுதான் நேரா பொருந்துது, சிறப்பு அலுவல் எதைக் கொண்டு வந்தாலும் உறுப்பினர் அத புரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கத் தேவையான முக்கிய விவரம் எல்லாத்தையும் விளக்கக் குறிப்புல எழுதியே ஆகணும். நிலத்த விக்க அனுமதி கேக்குறவங்க அந்த நிலத்து மேல கேஸ் இருந்தா அது முக்கிய விவரம் இல்லையா?

ஓட்டுக் கணக்கையும் போட்டுப் பாத்தோம், அதுல ஆசைக்கு எடமில்ல. சிறப்புத் தீர்மானம் தேறணும்னா எதிர் ஓட்டு மாதிரி மூணு மடங்கு ஆதரவு ஓட்டு வேணும். குடும்பத்துக்கிட்ட 61 இருக்கு, நாம 20.33 சதவீதத்துக்கு மேல எதிர்த்து ஓட்டுப் போட்டாத்தான் தோக்கடிக்க முடியும். வெளியில 39 சதவீதம் இருக்குன்னு பேருதான், பாதி ஆளுங்க எங்க இருக்காங்கன்னே தெரியாது. கை தூக்குற ஓட்டுல தலைக்கு ஒண்ணு, அதுல வேணா நாம கூட வரலாம், ஆனா தலைவரு உடனே போல் (ஷேர் எண்ணிக்கைப்படி ஓட்டெடுப்பு) வைக்கச் சொல்லிட்டா ஷேர் கணக்குத்தான் நிக்கும். உறுப்பினர் 200க்கு மேல இருந்திருந்தா இந்த மாதிரி தீர்மானம் தபால் ஓட்டுக்குப் போயிருக்கும், இங்க 184ங்குறதால கூட்டத்துலயே வச்சுட்டாங்க.

அதனால தீர்மானத்த தோக்கடிக்கிறது நம்ம இலக்கு இல்ல, விவரத்த எழுத்துல வாங்கிட்டு அப்புறமா வைக்கச் சொல்றதுதான்னு தீர்மானிச்சோம். அதே சமயம் "எல்லாரும் கை தூக்கிட்டாங்க, பாஸ்"னு முடிச்சுடாம இருக்க நாமளே போல் கேக்குற அளவுக்கு பலம் வேணும். அதுக்கு செலுத்துன மூலதனத்துல 5 லட்ச ரூபா, அதாவது 50,000 ஷேர் போதும். பத்து நாள் அலைஞ்சு 58,000 ஷேர் சேத்தோம், கொஞ்சம் நேர்ல, கொஞ்சம் ப்ராக்ஸி, அதாவது வர முடியாதவங்க தனக்குப் பதிலா ஓட்டுப் போட இன்னொருத்தருக்கு எழுதிக் குடுக்குறது. ப்ராக்ஸி படிவம் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னாடி கம்பெனிக்குப் போயிரணும். நானும் ஒரு வயசானவருக்கு ப்ராக்ஸியாத்தான் போனேன், ப்ராக்ஸிக்கு ஓட்டு போல்ல மட்டும்தான், பேசுற உரிமை கிடையாது.

இந்த அலைச்சல்ல மனசு கனத்துப் போன விஷயம் ஒண்ணு. நாலு வீட்டுல ஷேர் இன்னும் செத்துப் போன அப்பா, தாத்தா பேர்லயே இருக்கு. ஒரு வீட்டுல பீரோவுல பட்டுச் சேலைக்கு அடியில இருந்து எடுத்துக் காட்டுனாங்க, மஞ்சளாப் போன சர்டிபிகேட், ஓரத்துல அந்துப்பூச்சி அரிச்சிருக்கு, 9,000 ஷேர். வாரிசுச் சான்று வாங்கி பேர் மாத்தாம விட்டதால ஒரு ஓட்டு கூட செல்லாது. நிறுவனர் குடும்பத்து 61 சதவீதத்த விட இந்த பேர் மாத்தாத ஷேருங்கதான் நம்மள பலவீனமாக்குதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.

கேள்விய எழுத்துல அனுப்புனோம், கூட்டத்துக்கு எட்டு நாள் முன்னாடி, ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல. ஒரு பிரதி போர்டுக்கு, ஒரு பிரதி ஆடிட்டருக்கு. நாலே கேள்வி. இந்த எண் கொண்ட வழக்குல கம்பெனி பிரதிவாதியா? அதுல சொல்லியிருக்குற நிலமும் அஞ்சாவது அயிட்டத்துல இருக்குற நிலமும் ஒண்ணா? ஆமான்னா விளக்கக் குறிப்புல ஏன் இல்ல? ஆடிட்டர்கிட்ட இந்த வழக்கு சொல்லப்பட்டதா? நாலாவது கேள்விக்காகத்தான் ஆடிட்டருக்கும் பிரதி போட்டது. 146ஆம் பிரிவுப்படி கம்பெனி விலக்குக் குடுத்தாலொழிய ஆடிட்டர் பொதுக்கூட்டத்துக்கு வந்தாகணும், வந்திருக்கும்போது கேட்டா தட்ட முடியாது. பதில் வரல, ஒப்புகை அட்டை மட்டும் ரெண்டும் கையெழுத்தோட திரும்பி வந்துச்சு.

கூட்டத்தன்னைக்கு

மில்லு கேன்டீன் ஹால்ல காலையில பத்தரைக்கு. வெளிய வரைக்கும் பஞ்சுத் தூசி வாடை, உள்ள மேஜை மேல வெள்ளைத் துணி, ரோஜா மாலை போட்ட நிறுவனர் படம். நேர்ல வந்தவங்க 41 பேரு, அதுல குடும்பத்து ஆளுங்க 13. தலைவரா எம்டியோட பெரியப்பா உக்காந்தாரு.

இங்கதான் நாங்க தப்பு பண்ணது. நிலம் அஞ்சாவது அயிட்டம், அதனால அப்ப எந்திரிச்சா போதும்னு உக்காந்திருந்தோம். முதல் அயிட்டம் கணக்க ஏத்துக்குறது. ஒருத்தர் முன்மொழிய ஒருத்தர் வழிமொழிய, ஏதும் கேள்வி இருக்கான்னு தலைவர் கேட்ட வேகத்துல நாலு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு. நிலுவை வழக்கு இல்லங்குற அந்த வரி இருந்ததே அந்தக் கணக்கோட வந்த அறிக்கையிலதான். நான் சுதாரிச்சு டீச்சர் கைய தட்டுறப்ப அடுத்த அயிட்டம் படிச்சுட்டாங்க. அதோட ஆடிட்டர் பையத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சாரு. டீச்சர் உக்காந்த எடத்துல இருந்தே "சார், உங்களுக்கும் ஒரு கேள்வி எழுதியிருக்கேன், கொஞ்சம் இருந்து போங்க"ன்னாங்க. அவரு தலைவரப் பாத்தாரு, அப்புறம் உக்காந்துட்டாரு. அவரு போயிருந்தா அன்னைக்கு நடந்தது எதுவும் நடந்திருக்காது.

அஞ்சாவது அயிட்டம் வந்ததும் டீச்சர் எந்திரிச்சு கண்ணாடிய மாட்டிக்கிட்டு, பிளாஸ்டிக் கவருல இருந்து அந்தத் துண்டுப் பேப்பர எடுத்து முழுசா வாசிச்சாங்க, வகுப்புல பாடம் வாசிக்கிற குரல்ல, அவசரமே இல்லாம. அப்புறம் நாலு கேள்வியையும் வாசிச்சாங்க. எம்டி எந்திரிச்சாரு.

"டீச்சர், அது ஒரு கேஸே இல்ல. 1968ல கிரயம் வாங்குன நிலம். வித்தவரோட தம்பி அப்ப மைனராம், அவரு பங்கையும் அண்ணன் சேத்து வித்துட்டாருன்னு இப்ப அந்தத் தம்பியோட பிள்ளைங்க வந்து நிக்கிறாங்க. மைனர் வயசுக்கு வந்து 3 வருஷத்துக்குள்ள கேட்டிருக்கணும், அம்பது வருஷம் கழிச்சு வந்தா நிக்குமா? நம்ம வக்கீல் எழுதியே குடுத்திருக்காரு, நிக்காதுன்னு."

"தம்பி, கேஸ் ஜெயிக்குமா தோக்குமான்னு நான் கேக்கல. ஜெயிக்கட்டும், நான் மீனாட்சிக்கு வேண்டிக்கிறேன். இதே நிலம்தானான்னு கேட்டேன். இதே நிலம்தான்னு இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப நோட்டீஸ்ல ஏன் இல்ல?"

"தேவையில்லாம எல்லாரையும் பயமுறுத்த வேணாம்னுதான் டீச்சர்."

"பயப்படுறதா வேணாமான்னு நாங்கதானய்யா முடிவு பண்ணணும்."

பின்னாடி வரிசையில ஒருத்தரு "மில்லுக்கு கெட்ட பேரு வாங்கிக் குடுக்கவே வந்திருக்காய்ங்க"ன்னு சத்தம் போட்டாரு, தலைவரே கை காட்டி உக்கார வச்சாரு, அத நான் மரியாதையோட சொல்றேன். டீச்சர் ஆடிட்டர் பக்கம் திரும்பி நாலாவது கேள்விய மட்டும் திரும்பக் கேட்டாங்க. ஆடிட்டர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், நிலுவையில இருக்குற வழக்குகளோட பட்டியல நிர்வாகம் கையெழுத்துப் போட்டு வருஷா வருஷம் எங்களுக்குக் குடுப்பாங்க, அந்தப் பட்டியல்ல இந்த வழக்கு இல்ல, உங்க லெட்டர் வந்துதான் எனக்குத் தெரியும், எம்டிக்கு அன்னைக்கே எழுதிக் கேட்டிருக்கேன்னாரு.

ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. எம்டி முகத்த நான் பாக்கல, பாக்கத் தோணல. தலைவரு, வயசு எம்பதுக்கு மேல இருக்கும், மைக்க தள்ளி வச்சுட்டு மகன் முறையுள்ள பையன்ட்ட என்னமோ கேட்டாரு, அவரு தலைய ஆட்டுனாரு. காபி இடைவேளைன்னு அறிவிச்சாங்க. இருபது நிமிஷம் கழிச்சு தலைவரே எந்திரிச்சு, அஞ்சாவது அயிட்டத்த வாபஸ் வாங்குறோம், முழு விவரத்தோட தனியா ஒரு கூட்டம் போட்டு வைக்கிறோம், இது விட்டிருக்கக் கூடாத விஷயம்னாரு. போல் கேக்க வேண்டிய தேவையே வரல. டீச்சர் ஒண்ணே ஒண்ணு கூடக் கேட்டாங்க, இந்தக் கேள்வி பதில் மினிட்ஸ்ல (கூட்ட நடவடிக்கைக் குறிப்புல) வரணும்னு. வந்துச்சு, 119ஆம் பிரிவுப்படி நகல் கேட்டு எழுதிப் பணம் கட்டுனோம், ஏழு வேலை நாளுக்குள்ள குடுத்துட்டாங்க.

அதுக்கப்புறம்

ரெண்டு வாரம் கழிச்சு எம்டி தனியா டீச்சர் வீட்டுக்கு வந்தாரு. நானும் இருந்தேன். ஜூலையில பேங்க்ல கடன் லிமிட் ரினிவல் இருந்துச்சாம், அந்த நிலமும் அடமானத்துல இருக்கு, கேஸ்னு தெரிஞ்சா லிமிட்ட குறைச்சிருவாங்க, குறைச்சா பஞ்சு வாங்க முடியாது, சம்பளம் நின்னு போகும்னு ராத்திரி தூக்கமில்லாம இருந்தேன் டீச்சர்னு சொன்னாரு. பொய் சொல்ற மாதிரி இல்ல. களவாணித்தனத்துக்காக மறைச்சாருன்னு நான் நினைக்கல. ஆனா அந்த பயத்துல பேங்க, ஆடிட்டர, 184 உறுப்பினர, நிலம் வாங்க வந்தவர எல்லாரையும் சேத்து இருட்டுல வச்சிருக்காரு, அது எனக்கு சின்னத் தப்பாப் படல. டீச்சரும் அவருக்கு காபி குடுத்துட்டு, "பேங்க்ல நீங்களே போய்ச் சொல்லுங்க தம்பி, அவங்க கண்டுபிடிச்சா வேற மாதிரி ஆயிரும்"னாங்க. போய்ச் சொன்னாரு. லிமிட் குறையல, கூடுதலா வேற சொத்து அடமானம் கேட்டாங்க.

2024 பிப்ரவரியில சிறப்புப் பொதுக்கூட்டம் நடந்துச்சு. இந்தத் தடவை விளக்கக் குறிப்பு ரெண்டு பக்கம். வழக்கு எண், யாரு என்ன கேக்குறாங்க, கேஸ்ல இருக்குறது எத்தனை ஏக்கர், வக்கீல் கருத்து, வாங்குறவருக்கு விவரம் எழுத்துல தெரிவிச்சாச்சுன்னு எல்லாம் இருந்துச்சு. வாங்குறவரு கேஸ் விவரம் தெரிஞ்சதும் விலைய குறைச்சுட்டாரு, அதோட கிரயத் தொகையில ஒரு பகுதிய கேஸ் முடியுற வரைக்கும் பேங்க் டெபாசிட்டுல வைக்கணும்னு நிபந்தனை போட்டாரு. தீர்மானம் அப்படியே நிறைவேறுச்சு, டீச்சரும் ஆதரிச்சுத்தான் ஓட்டுப் போட்டாங்க.

விலை குறைஞ்சதுக்கு சில ஷேர்ஹோல்டருங்க டீச்சர்ட்ட நேராவே சண்டைக்கு வந்தாங்க. கேக்காம இருந்திருந்தா நல்ல விலைக்குப் போயிருக்கும்ல, உங்களால எங்களுக்கு நஷ்டம்னு. கல்யாண வீட்டுல முகம் குடுத்துப் பேசாத ஆளுங்க கூட உண்டு. அது அவங்கள ரொம்ப வருத்துச்சு. ஆனா கணக்கு அப்படி இல்ல. விக்கிறவருக்குத் தெரிஞ்ச உரிமைக் குறைபாட்ட வாங்குறவர்ட்ட சொல்லியே ஆகணும்னு சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவுலயே இருக்கு. மறைச்சு வித்து, வாங்குனவரு நாளைக்கு கேஸ் போட்டா வாங்குன பணத்தையும் நஷ்ட ஈட்டையும் மில்லுதான் கட்டணும், அதுக்குள்ள அந்தப் பணம் கடனுக்குப் போயிருக்கும். அன்னைக்கு வந்த நல்ல விலைங்குறது நம்மளோடதே இல்ல, கேஸ் தெரியாத ஒருத்தரோட பணம்.

திரும்பச் செய்யணும்னா

முதல்ல, முதல் அயிட்டத்துலயே எந்திரிக்கணும். கணக்கு ஏத்துக்குறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா, குறிப்பு சேத்து திருத்திக் கொண்டு வரட்டும், அது வரைக்கும் அந்த அயிட்டத்த ஒத்தி வைங்கன்னு கேட்டிருக்கலாம். ஏத்துக்கிட்டப்புறம் பழைய கணக்க போர்டு தானா திருத்தணும்னாக் கூட 131ஆம் பிரிவுப்படி கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகணும், அது யாருக்கும் ஆகுற காரியம் இல்ல. அதனால 2022-23 கணக்குல அந்த தப்பான வரி இன்னைக்கும் அப்படியே நிக்குது, எம்சிஏ தளத்துல யாரு 100 ரூபா கட்டிப் பாத்தாலும் அதுதான் வரும். இது எனக்கு இன்னும் உறுத்துற விஷயம், ஏன்னா இந்த ஒழுங்கு தெரிஞ்சிருக்க வேண்டியவன் நான்.

அடுத்து போன் பண்ணது. டீச்சர் போன் பண்ணதுல ஒரு உண்மை தெரிஞ்சுச்சுதான், ஆனா அதே விவரத்த மெயில்ல ஒரு வரியா கேட்டிருந்தா பதில் வந்தாலும் ஆதாரம், வராட்டாலும் ஆதாரம். பிராது நகலுக்கான மனுவையும் ஜூலையிலயே போட்டிருக்கணும், அறிவிப்பு கையில இருந்தும் ரெண்டு மாசம் சும்மா இருந்துட்டோம். எம்டி அன்னைக்கு நிலம் வேறன்னு ஒரே வார்த்தை சொல்லியிருந்தா அந்த எடத்துல எங்ககிட்ட பதில் இல்ல.

ஆடிட்டருக்குத் தனியாப் பிரதி போட்டத மட்டும் மாத்த மாட்டோம். தலைவர், எம்டி எல்லாரும் ஒரே குடும்பம், அவங்க ஒருத்தருக்கொருத்தர் முட்டுக் குடுப்பாங்க. ஆடிட்டர் தன் கையெழுத்துக்கு தானே பதில் சொல்லணும்.

2023-24 அறிக்கையில கணக்குக் குறிப்புகள்ல வழக்கு எண்ணோட நாலு வரி வந்திருக்கு, ஆடிட்டர் அறிக்கையிலயும் அந்தக் குறிப்பு எண்ணச் சொல்லியிருக்காரு. அந்த ஏஜிஎம்ல டீச்சர் முதல் அயிட்டத்துலயே எந்திரிச்சு கேஸ் எந்த நிலையில இருக்குன்னு கேட்டாங்க, எம்டி வாய்தா தேதியோட பதில் சொன்னாரு. அப்ப சாட்சி விசாரணை ஆரம்பிச்சிருந்துச்சு. பேர் மாத்தாம கிடந்த நாலு குடும்பத்துல ரெண்டு பேரு வாரிசுச் சான்று வாங்கி கம்பெனிக்கு எழுதிட்டாங்க, அந்த 9,000 ஷேர் வீட்டுல மட்டும் அண்ணன் தம்பிக்குள்ள கையெழுத்து ஆகல.